வாயிற்காவலன் பொம்மை



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலம் வந்தவர்கள், தம்முடன் எடுத்து வருகின்ற பொருள்களில் பொம்மைக்குத் தனியிடம் உண்டு. பாத்திரம் பண்டங்களை வந்த ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். பாட்டி காலத்து மரப்பாச்சி இணையும், பண்ருட்டியில் பார்த்துப் பார்த்து வாங்கிய மண் பொம்மைகளும் அவ்வாறு கிடைக்குமா? ஆகவே அவற்றைப் பழைய வேட்டிகளில் சுற்றி, தகரப் பெட்டியில் அடுக்கி, இரயிலில் கண் கொட்டாமல் காத்துக்கொண்டு வருகின்றோம். புனே நகரின் கிழக்கே மகர்பட்டாவில் எங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கின்றது. சென்ற ஆண்டு அந்தப் பெட்டியில் புதிதாக ஒரு பொம்மை சேர்ந்தது. அதன் குணதோஷங்களைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

அது தெய்வ உருவமன்று; அரசர் உருவமுமன்று. பன்றியை ஒத்த முகமும், பச்சை நிறத் தோலும், மேலெழுந்த கோரைப் பற்களும், கையில் நீண்ட கோடரியும் உடைய ஒரு வேற்றுலகக் காவலன். 1977ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையில், 1983இல் வெளிவந்த மூன்றாவது படம் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’. அதில் டாட்டூயின் என்ற பாலைவன உலகில், ஜப்பா என்னும் கொள்ளைத் தலைவனுக்கு ஒரு மாளிகை இருக்கின்றது. அம்மாளிகையைக் காப்பவர்கள் கமோரியர் என்னும் இனத்தார். கதாநாயகனாகிய லூக் உள்ளே நுழையும்போது கையை இலேசாக அசைக்கின்றான். எதிரே வந்த காவலர் இருவரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி விடுகின்றனர். பின்னர் ஒரு காவலன் லூக்குடன் சேர்ந்து பாதாளக் குழியில் விழுந்து, அங்குள்ள கொடிய விலங்குக்கு இரையாகின்றான். படத்தில் அவர்களுடைய பங்கு ஏறக்குறைய அவ்வளவே. பேச்சில்லை; உறுமல் மட்டுமே உண்டு. அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பாரும் இல்லை.

இத்தகைய சிறு வேடத்துக்குக்கூடப் பொம்மை செய்வார்களா என்று நேயர்கள் கேட்கலாம். செய்தார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த கென்னர் என்னும் நிறுவனம் இப்படங்களின் பாத்திரங்களை மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்றது. 1983இல் இந்தக் காவலனும் அவ்வரிசையில் சேர்ந்தான். இவற்றை அந்நாட்டில் ‘டால்’ என்று சொல்வதில்லை. ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்பார்கள். அப்பெயர் 1964ஆம் ஆண்டில் ஜி.ஐ. ஜோ என்னும் படைவீரன் பொம்மையை விற்பதற்காக உண்டாக்கப்பட்டது. பொம்மை என்றால் பெண் குழந்தைகளுடையது என்று ஆண் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்களே என்ற அச்சத்தினால், பெயரை மாற்றி வைத்தார்கள். நம் நாட்டில் இத்தகைய அச்சத்துக்கு இடமிருந்ததில்லை. கொலுப் படியில் பொம்மை அடுக்க ஆண் பிள்ளைகளும் முண்டியடிப்பதை நாம் அறிவோம் அல்லவா?

எங்கள் மகன் சென்னையில் வளர்ந்தவன். 1987இல் தொடங்கப்பட்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம் நம் நாட்டிலேயே ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் செய்து விற்ற நாட்களில் அவன் பள்ளிச் சிறுவன். தோழன் வீட்டில், வெளிநாட்டிலிருந்து மாமன் ஒருவர் கொண்டு வந்த இந்தப் பன்றிமுகக் காவலனைக் கண்டுவிட்டு வந்து, தனக்கும் ஒன்று வேண்டுமென்று பல நாள் கேட்டான். வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சியதில் பொம்மைக்கு ஏது இடம்? “பெரியவனானதும் நீயே வாங்கிக்கொள்” என்று சொல்லி மறுத்துவிட்டோம். பெற்றோர் மறந்துவிடுகின்ற சொற்கள் சில, பிள்ளைகள் நெஞ்சில் தங்கிவிடுகின்றன. இப்போது மகர்பட்டாவின் கணினி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் அவன், நாற்பது வயதில், அதே காவலனுடைய ஆறு அங்குலப் பதிப்பைச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தான்.

வாங்கி வந்தவன் பெட்டியைத் திறக்கவில்லை. முகப்பில் கண்ணாடி போன்ற தாள் ஒட்டிய அட்டைப் பெட்டி அது. உள்ளே பொம்மை நிற்பது வெளியிலிருந்தே தெரியும். பிரிக்காத பெட்டிக்கு ஒரு விலை, பிரித்த பெட்டிக்கு வேறு விலை என்பது சேகரிப்பாளர் உலகின் வழக்கம். முத்திரை கிழிந்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். ஆதலால் அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத உயரத்தில், பெட்டியோடு அமர்த்தி வைத்தான்.

இப்பொம்மைகளின் வரலாற்றில் பெட்டியைப் பற்றிய வேடிக்கை ஒன்று உண்டு. 1977இல் முதற்படம் எதிர்பாராத வெற்றி பெற்றபோது, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விழாவுக்குள் கென்னர் நிறுவனத்தாரால் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. என் செய்தார்கள்? வெறும் அட்டை உறையை விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதை அஞ்சலில் அனுப்பினால், மறு ஆண்டுத் தொடக்கத்தில் நான்கு பொம்மைகள் வந்து சேரும். பொம்மையில்லாத உறையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைகள் காத்திருந்தனர். எங்கள் வீட்டிலோ பொம்மை இருந்தும், உறை அதனை விடவில்லை.

எட்டு வயதுப் பேத்திக்கு இந்தத் தத்துவம் விளங்கவில்லை. “உள்ளேயே நின்றால் அவனுக்கு மூச்சு முட்டாதா, தாத்தா?” என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டோம். நவராத்திரிக்கு நான்கு நாள் முன்பு, பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்க ஏணி போட்டிருந்த வேளையில், அவள் அவ்வேணியை நகர்த்தி, மேலேறி, பெட்டியை எடுத்துப் பிரித்தே விட்டாள். மாலை வீடு திரும்பிய மகனுக்கு வந்த சினத்தைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை அவன் அடிக்கவில்லை. ஆனால் அன்றிரவு யாருடனும் பேசாமல், உணவும் கொள்ளாமல் படுத்துவிட்டான். பணம் போனதற்காக மட்டும் அவன் வருந்தவில்லை என்பதை நாங்கள் உணர்ந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மறுத்த ஒன்று, இப்போதும் அவன் கைக்கு முழுமையாக வரவில்லை. எங்களுக்கும் அன்று உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலையில் கூடத்துக்கு வந்தபோது, தந்தையும் மகளும் தரையில் அமர்ந்து, காவலனுடைய கையையும் காலையும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தனர். சமாதானம் எப்போது ஏற்பட்டது என்று நாங்கள் கேட்கவில்லை.

திறந்தாகிவிட்டது, ஆகவே மதிப்பிடுவதற்கும் வழி பிறந்தது. பொம்மை பார்ப்பதில் நம்மவர்களுக்குப் பரம்பரைக் கண் உண்டு. முகம் எடுப்பாக இருக்கின்றதா, கண் சரியாக எழுதப்பட்டிருக்கின்றதா, கால் ஆடாமல் நிற்கின்றதா என்று மூன்றையும் பார்த்த பிறகே கொலுப் பொம்மைக்கு விலை பேசுவோம். அதே அளவுகோலால் இவனையும் அளந்தோம்.

முகம் மிக நன்று. சுருங்கிய மூக்கும், கீழிருந்து மேலெழும் கோரைப் பற்களும், கொம்பு வைத்த தலைக்கவசத்தின் நிழலில் ஒடுங்கிய சிறு கண்களும் தேர்ந்த சிற்பியின் கைத்திறத்தைக் காட்டுகின்றன. கண்ணில் கொடுமை இல்லை. இரவெல்லாம் விழித்தவனுடைய அயர்ச்சிதான் தெரிகின்றது. தோலின் பச்சை ஒரே பூச்சாக இல்லாமல், மடிப்புகளில் கருத்தும் மேடுகளில் வெளுத்தும் இருப்பது வண்ணக்காரரின் பொறுமைக்குச் சான்று. மேலே போர்த்திய மயிர்த்தோல் ஆடையில் மயிரிழைகள் தனித்தனியே தெரிகின்றன. கோடரி கையில் நன்றாகப் பொருந்தி நிற்கின்றது. கால்கள் அகன்றவை, எங்கள் கூடத்து மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றபோதும் அவன் அசையவில்லை.

அந்நாளைய சிறு பொம்மைகளுக்குக் கழுத்திலும் தோள்களிலும் தொடைகளிலுமாகப் பொதுவாக ஐந்து இடங்களில்தான் அசைவு உண்டு. இவனுக்கு முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகியவையும் மடங்கும். ஆயினும் ஒரு பெருங்குறை இருக்கின்றது. இடுப்பைச் சுற்றிய ஆடையைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்துவிட்டார்கள். அதனால் தொடையை முன்னே கொண்டுவர இயலவில்லை. காவலன் நிற்பான்; சாய்வான்; கோடரியை ஓங்குவான். உட்கார மட்டும் அவனால் முடியாது. இத்தனை விலையுள்ள பொம்மைக்கு இது ஒரு குறையே என்று அப்போது எங்கள் மனத்தில் குறித்துக்கொண்டோம். அக்குறையின் பொருள் எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது.

அடுத்து எழுந்த கேள்வி, இவனைக் கொலுவில் வைக்கலாமா என்பது. பன்றி முகத்தோனைப் பராசக்தியின் சந்நிதியில் நிறுத்துவதா என்று முதலில் நாங்களே தயங்கினோம். பேத்தி விடவில்லை. பிறகு ஆற அமர எண்ணிப் பார்த்தபோது, தயக்கத்துக்குக் காரணமில்லை என்று தோன்றியது. தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலின் வாயில்களில் நிற்கும் துவாரபாலகர்களுக்கும் கோரைப் பற்கள் உண்டு. உருட்டி விழிக்கும் கண்கள் உண்டு. கையூன்றப் பெரிய கதை உண்டு. ஒரு கை அச்சுறுத்துகின்றது. மற்றொரு கை உள்ளிருக்கும் இறைவனின் பெருமையை வியந்து காட்டுகின்றது. அவர்களைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. வணங்கிவிட்டுத்தான் உள்ளே செல்கின்றோம். அந்த மரபிலே பார்த்தால், கோடரி ஏந்திய இந்தக் காவலன் தூரத்து உறவினன் என்றே சொல்லிவிடலாம்.

வைகுந்தத்து வாயிற்காவலர் சயன், விசயன் கதையும் நினைவுக்கு வந்தது. சனகாதி முனிவர்களைத் தடுத்து நிறுத்தியதற்காக அவர்கள் சாபம் பெற்றனர். மூன்று பிறவிகளில் அசுரர்களாகவும் அரக்கர்களாகவும் பகையரசர்களாகவும் பிறந்து உழன்றனர். தடுப்பது காவலனின் கடமை. தடுத்ததற்குத் தண்டனையும் காவலனுக்கே. ஜப்பாவின் மாளிகையில் லூக்கைத் தடுக்க வந்தவனுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. இவ்வாறு பேசிக்கொண்டே, கீழ்ப்படியில், செட்டியார் தம்பதியின் மளிகைக் கடைக்கு அருகில், இவனுக்கு இடம் கொடுத்தோம். வெற்றிலை பாக்கு வாங்க வந்த தமிழ்ப் பெண்மணிகள் முதலில் துணுக்குற்றனர். பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவனைச் சுற்றியே அமர்ந்தனர்.

நவராத்திரி முடிந்து தீபாவளி நெருங்கியது. புனேயில் வாழும் நேயர்களுக்கு இவ்வூர்ச் சிறுவர்களின் கோட்டை கட்டும் வழக்கம் தெரிந்திருக்கும். மண்ணையும் கல்லையும் பழைய சாக்கையும் கொண்டு, வீட்டு வாயிலிலோ குடியிருப்பின் மூலையிலோ ஒரு மலைக்கோட்டையை எழுப்புவார்கள். விதை தூவி முளைக்கச் செய்து மலைச்சரிவைப் பசுமையாக்குவார்கள். உச்சியில் சத்ரபதி சிவாஜி மகாராசரின் மண் உருவத்தை அரியணையில் அமர்த்தி, படிகளிலும் வாயில்களிலும் மாவளர் என்னும் வீரர்களின் உருவங்களை நிறுத்துவார்கள். கசபா பேட்டையின் குயவர் தெருவில் அவ்வுருவங்கள் விற்கும். நாம் படியில் பொம்மை அடுக்குகின்றோம். அவர்கள் மலையில் அடுக்குகின்றார்கள். 1677இல் செஞ்சிக் கோட்டையைக் கைக்கொண்டவரும் அந்தச் சிவாஜியே என்று பேத்தியிடம் சொன்னபோது, அண்டை வீட்டுக் கோட்டை அவளுக்குச் சொந்த ஊர்க் கோட்டையாகிவிட்டது.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இராயகட் கோட்டையைக் கட்டினார்கள். வாயிலுக்கு வைத்திருந்த மாவளன் கீழே விழுந்து உடைந்துபோனான். பேத்தி ஓடிவந்து நம் காவலனை எடுத்துப் போனாள். மற்ற வீரர்களைக் காட்டிலும் இருமடங்கு உயரத்தில், பச்சை முகத்துடன், அவன் இராயகட்டின் வாயிலில் நின்றான். மராட்டியச் சிறுவர்கள் ஆட்சேபிக்கவில்லை. “நல்ல காவல்” என்று மகிழ்ந்தனர்.

அன்று மாலை அவர்களுக்கு ஹிர்கணியின் கதையை ஒரு மூதாட்டி சொன்னார். கோட்டைக்குப் பால் விற்க வந்த ஹிர்கணி பொழுது சாய்ந்ததை அறியவில்லை. கதவு சாத்தப்பட்டுவிட்டது. அரசாணையை மீறிக் கதவு திறக்கக் காவலர் மறுத்துவிட்டனர். வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இருக்கின்றது. அவள் இருளில் செங்குத்தான பாறை வழியே இறங்கி வீடு சேர்ந்தாள். அதனை அறிந்த சிவாஜி, அவள் இறங்கிய இடத்தில் கொத்தளம் கட்டி அவள் பெயரையே இட்டார் என்பது வழிவழி வரும் கதை. கதை முடிந்ததும் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்: “அந்தக் காவல்காரர் பெயர் என்ன?” மூதாட்டியால் விடை சொல்ல முடியவில்லை. கதையில் அவருக்குப் பெயரில்லை.

எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலர், மழை பொய்த்த ஓர் ஆண்டில் மராத்வாடாப் பகுதியிலிருந்து வேலை தேடி வந்தவர். பிள்ளைகள் அவரைக் ‘காகா’ என்று அழைப்பார்கள். கோட்டையைக் காண அவரும் வந்தார். மகாராசருக்குக் கைகூப்பினார். பின்பு வாயிலருகே குனிந்து, பச்சை முகத்தானை நெடுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரி. இந்த ஆளுக்கு உட்கார ஒன்றும் வைக்கவில்லையே?” என்றார்.

“அவனால் உட்கார முடியாது, காகா. இடுப்பு மடங்காது” என்றாள் பேத்தி.

“அப்படியானால் என் சாதிதான்” என்று சிரித்துவிட்டு அவர் தம் இடத்துக்குப் போய்விட்டார்.

அச்சிரிப்பு எங்களைத் தைத்தது. வாயில் அறையில் நாற்காலி ஒன்று உண்டு. ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் காவலர் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு மணி நேரப் பணியில் வண்டிகள் ஓய்வதில்லை. அவ்விதியை வகுத்தவர் யார்? குடியிருப்போராகிய நாங்களே. கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் நாங்களும் இருந்தோம். பொம்மையில் கண்ட குறையைக் குறையென்று சொல்லத் தெரிந்த எங்களுக்கு, அதே குறையை மனிதருக்கு விதித்தபோது அது குறையாகத் தோன்றவில்லை.

நாங்கள் வாழும் இடத்தின் வரலாறு இதனை இன்னும் உறுத்தலாக்குகின்றது. நகரம் விரியும் இடங்களில், நிலத்தை விற்றுவிட்ட உழவர், அதே நிலத்தில் எழும் மாளிகைக்குக் காவலராக வந்து நிற்கும் கதையைப் பல ஊர்களில் கேட்டிருக்கின்றோம். மகர்பட்டாவில் அவ்வாறு நேரவில்லை. ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள், சதீஷ் மகர் அவர்களின் தலைமையில், ஏறக்குறைய 400 ஏக்கர் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, பிறருக்கு விற்றுவிடாமல், தாமே பங்குதாரர்களாகி எழுப்பிய நகரியம் இது. தம் நிலத்தில் தாமே உரிமையாளராக நின்றவர்களின் ஊர். அத்தகைய ஊருக்குப் பிழைக்க வந்த நாம், மற்றொரு பிழைக்க வந்தவரை நிற்க வைத்தோம்.

உட்காரும் உரிமை சிறு செய்தியன்று. கேரளத்தில் 2018இலும், தமிழ்நாட்டில் 2021இலும், கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு இருக்கை வசதி தரவேண்டுமென்று சட்டத்தில் திருத்தம் செய்தார்கள். துணிக் கடைகளில் நாள் முழுவதும் கால்கடுக்க நின்ற பெண்களின் துன்பம் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. சட்டம் வருவதற்கு முன்பே ஒரு முக்காலியை நகர்த்திப் போட யாருக்கும் தடையில்லை. அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் அவ்விதியை நீக்க வேண்டுமென்று எழுந்து பேசினோம். சிலர் இசைந்தனர், சிலர் ஒழுங்கு கெடும் என்றனர். முடிவு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது. மீண்டும் பேசுவோம்.

பேத்தியோ கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. கோட்டை மண்ணிலேயே ஒரு முக்காலி பிடித்து, வெயிலில் உலர்த்தி, காவலனுக்குப் பின்னால் வைத்தாள். உட்கார இயலாதவனை அதன்மேல் சாய்த்து வைத்தாள். மறுநாள் காகாவிடம் அவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எங்களுக்குச் சொன்னாள். நான்கு ஆண்டுகளாக அவரைக் கடந்து போய் வந்தவர்கள் நாங்கள். அன்றுதான் அப்பெயரை அறிந்தோம்.

இப்பொம்மையை வாங்கலாமா என்று நேயர்கள் கேட்டால், எங்கள் முடிவு இதுதான். சிற்பம் சிறந்தது, வண்ணம் சிறந்தது, இடுப்பு மோசம், விலை அதிகம். பெட்டியைப் பிரிக்கும் மனமிருந்தால் வாங்குங்கள். அடைத்து வைப்பதாயிருந்தால், பண்ருட்டிப் பொம்மை ஒன்றுக்கு அப்பணத்தைச் செலவிடுவது மேல்.

இப்போது காவலன் பரணில், பழைய வேட்டியில் சுற்றப்பட்டு, அடுத்த நவராத்திரிக்காகக் காத்திருக்கின்றான். பக்கத்தில், பஞ்சில் பொதிந்து, அந்த மண் முக்காலியும் இருக்கின்றது.